அம்பாசடருக்கு எஞ்சின் மாற்றினால் என்ன?

பழைய அம்பாசடருக்கு வேறு எஞ்சின் பொருத்தினால் அதன் உயிரே போய்விடுமாம். நான் ஏற்கவில்லை. 1489 சிசி பெட்ரோல் எஞ்சினோடு ஓடிய வண்டிக்கு, பின்னாளில் டீசலையும், 1990களில் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினையும், ஐந்து கியரையும் கொடுத்தது இந்துஸ்தான் மோட்டார்ஸேதான். கம்பெனி செய்தால் முன்னேற்றம், மெக்கானிக் செய்தால் குற்றமா? 2014-இல் உற்பத்தியே நின்றுவிட்டது. பெருமுக்கல்லில் ஷெட்டுக்குள் துருப்பிடிக்கும் அசலைவிட, திண்டிவனம்–மரக்காணம் சாலையில் ஓடும் வண்டியே எனக்குப் பெரிது.

கவலைப்பட வேண்டியது பிரேக்கைப் பற்றித்தான். வேகம் கூடினால் பழைய டிரம் பிரேக் போதாது. வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இருக்கிறது; ஆர்.சி.யில் இல்லாத எஞ்சினோடு விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கிடைப்பதே சந்தேகம். பழைய எஞ்சினை இறக்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள்.