கடைமடையில் அளப்போம்

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது” என்பது நம் நாட்டுப் பழமொழி. உழவனின் வறுமையைச் சுட்டவே இது தோன்றியது. ஆயினும், கணக்கே பாராதிருத்தல் நலம் என்னும் பொருளில் நம்மில் பலர் இதனை வழங்கி வருகின்றனர். இவ்வெண்ணம் கூட்டுறவுக்கு ஒவ்வாதது. 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடிக் கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றைத் தொடங்கினர். அவர்களுள் நெசவாளரும் பலர் இருந்தனர். கலப்படமற்ற சரக்கும் சரியான எடையுமே அவர்கள் கடைக்குப் பெயர் தேடித் தந்தன. அளவு என்பது கூட்டுறவோடு உடன்பிறந்த கடமை.

இக்கடமையை நம் சங்கங்கள் அறவே மறந்துவிடவில்லை. ஆண்டறிக்கைகளில் புள்ளிகள் நிறைந்துதான் இருக்கின்றன. இத்தனை டன் கொள்முதல், இத்தனை லட்சம் ரூபாய்க்கு நூல் விநியோகம், இத்தனை லட்சத்துக்குத் துணி விற்பனை என்று படிக்கிறோம். பொதுக்குழுவில் கைதட்டி ஏற்கிறோம். ஆனால் இவையெல்லாம் சங்கத்தின் கை வழியே எவ்வளவு சரக்குச் சென்றது என்பதைக் காட்டுவன. அச்சரக்குக்காக அங்கத்தினர் எத்தனை நாள் காத்திருந்தார், எத்தனை முறை திரும்பிச் சென்றார் என்பதைக் காட்டுவன அல்ல.

புதுக்கோட்டை மாவட்டத்தாருக்கு இவ்வேற்றுமையை விளக்க வேண்டுவதில்லை. 1934இல் நிறைவெய்திய காவிரி – மேட்டூர்த் திட்டத்தைச் சேர்ந்தது கல்லணைக் கால்வாய். அதன் கடைமடையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடிப் பகுதிகள் இருக்கின்றன. கல்லணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று நாளிதழில் படிக்கலாம். நாற்றங்கால் நனைந்ததா என்பதை வயலில்தான் பார்க்க வேண்டும். தலைமதகில் அளந்த நீர் கடைமடைக்கு வந்த நீர் ஆகாது. கொள்முதலும் விநியோகமும் அத்தகையனவே. அவற்றையும் கடைமடையில், அதாவது அங்கத்தினரின் களத்திலும் தறியிலும் அளத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் நெல்லை எடுத்துக்கொள்வோம். 2025–26ஆம் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் ஆதரவு விலையாக அறிவிக்கப்பட்டது. மாநில அரசின் ஊக்கத்தொகை 131 ரூபாயும் சேர, விலை 2,500 ரூபாயாயிற்று. இவ்விலை எல்லாருக்கும் தெரியும். ஆனால் களத்துக்கு வந்த நெல் எடைபோடப்படும் வரை எத்தனை நாள் ஆயிற்று, எடைபோட்ட பின்னர் வங்கிக் கணக்கில் பணம் ஏற எத்தனை நாள் ஆயிற்று என்பவற்றைச் சேர்த்து எழுதுவார் இல்லை. காத்திருக்க இயலாத சிறு விவசாயி குவிண்டாலுக்கு 200 ரூபாய் குறைத்து வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோ கொண்ட 50 சிப்பம் விற்றவருக்கு 4,000 ரூபாய் நஷ்டம். இந்நஷ்டம் எந்த அறிக்கையிலும் இடம்பெறாது. அவருடைய நெல் கொள்முதல் நிலையத்துக்குள் வரவே இல்லை அன்றோ!

காத்திருப்பு வேறொரு தீங்கையும் விளைவிக்கிறது. கொள்முதல் நெல்லின் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம் வரம்பாக விதிக்கப்பட்டிருக்கிறது. இவ்வரம்பு காரணமற்றதன்று. 21 சதவீத ஈரமுள்ள 40 கிலோ நெல், 17 சதவீதத்துக்கு உலர்ந்தால் ஏறத்தாழ 38 கிலோவாகிவிடும். மிகுந்த ஈரம் நெல்லின் தரத்தையும் கெடுக்கும். ஆனால் காய்ந்த நெல் லாரிக்கும் சாக்குக்கும் காத்துக் களத்திலே கிடக்கையில் மழை பெய்தால், ஈரம் ஏறியது விவசாயியின் குற்றமாகுமா? மழையை முன்னிட்டு 2022 அக்டோபரில் மத்திய அரசு தமிழகத்துக்கு 19 சதவீதம் வரை தளர்வு அளித்தது. தளர்வு வரவேற்கத்தக்கதே. எனினும், அந்நெல் மழைக்கு முன் எத்தனை நாள் களத்தில் கிடந்தது என்ற கணக்கும் உடனிருந்தால், எவ்வளவு ஈரம் வானத்தால் வந்தது, எவ்வளவு தாமதத்தால் வந்தது என்று தெளிவாகும். தள்ளப்பட்ட நெல்லின் கணக்கைக் காத்திருந்த நாளின் கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி நெசவாளரின் நிலையைப் பார்ப்போம். சங்கம் கேட்ட நூலில் பாதி எடை வந்துவிட்டது என்றால், விநியோகம் 50 சதவீதம் என்று ஏட்டில் எழுதலாம். வந்த பாதி முழுவதும் பாவு நூலாக இருந்து, ஊடை நூல் வாராதிருந்தால் தறி ஓடுமா? தறிக்கு அது 50 சதவீதம் அன்று, சூனியம். ஆகவே “வேண்டியது முழுவதும், வேண்டிய நாளில் வந்ததா?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று குறித்தல் வேண்டும். தீபாவளி கழிந்த மறுநாள் கடைக்கு வந்த சேலையையும் இவ்வாறே மதிப்பிட வேண்டும்.

நூலில் எடை மட்டும் பார்ப்பதும் போதாது. ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ, அதுவே நூலின் நம்பர். 10 பவுண்டுக் கட்டில் 40ஆம் நம்பர் நூல் 400 சிட்டம் இருத்தல் வேண்டும். அதே எடையில் 38ஆம் நம்பர் நூல் வந்தால் 380 சிட்டமே இருக்கும். தராசு சரியாகக் காட்டும். நெசவாளருக்கோ கட்டு ஒன்றுக்கு 16,800 கெஜம் குறையும். அதை அவர் உணர்வது பாவு ஓடும்போதுதான். ஆதலின் வந்த கட்டுகளில் சிலவற்றையேனும் பிரித்து நம்பரைச் சோதித்து எழுதிவைத்தல் நெசவாளர் சங்கத்தின் கடமையாகும்.

இவற்றைத் தொகுத்து நோக்கின், மாதந்தோறும் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டிய புள்ளிகள் ஐந்தே. முதலாவது, சரக்கு வந்த நாள் முதல் எடைபோட்ட நாள் வரை கழிந்த நாள்கள். இரண்டாவது, எடைபோட்ட நாள் முதல் பணம் கிடைத்த நாள் வரை கழிந்த நாள்கள். மூன்றாவது, தள்ளப்பட்ட சரக்கின் அளவும் காரணமும். நான்காவது, முழு அளவில் குறித்த நாளில் நிறைவேறிய நூல், விதை, உரத் தேவைகள் நூற்றுக்கு எத்தனை என்பது. ஐந்தாவது, நூல் இன்மையால் தறிகள் நின்ற நாள்கள். இவற்றுள் பெரும்பாலானவை டோக்கன், எடைச்சீட்டு, வங்கிப் பதிவு ஆகியவற்றில் தனித்தனியே கிடக்கும் தேதிகளே. தேதிகளைக் கழித்து நாளாக்குவது ஒன்றே புதிய வேலை.

இங்கே சராசரியை நம்பி ஏமாறலாகாது. பத்து விவசாயிகளுள் ஒன்பது பேர் ஒரு நாள் காத்து, ஒருவர் மட்டும் 21 நாள் காத்தால், சராசரி மூன்றே நாள். அறிக்கை அழகாக இருக்கும். அந்த ஒருவர் அழிந்திருப்பார். அவர் பெரும்பாலும் கடைமடைக்காரராகவோ இரண்டு ஏக்கர்க்காரராகவோ இருப்பார். எனவே சராசரியோடு, அம்மாதத்தில் மிக நெடிது காத்தவர் காத்த நாளையும் பலகையில் எழுதுவது நியாயமாகும்.

“இருக்கும் ஏடுகளே மிகுதி, ஓர் எழுத்தர் எத்தனையைத்தான் எழுதுவார்?” என்று செயலாளர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஐந்து புள்ளிகளுக்கு மேல் வேண்டா என்பது அதற்காகவே. “கொள்முதல் நிலையம் எங்கள் சங்கத்துடையதன்று, நூலும் ஆலையிலிருந்து வர வேண்டும். எங்கள் கையில் இல்லாததை அளந்து பயன் என்ன?” என்பாரும் உளர். நம் கையில் இல்லாததற்கே கணக்கு மிகவும் வேண்டும். “தாமதமாகிறது” என்று எழுதும் மனுவுக்கும், “இம்மாதம் 46 பேர் ஏழு நாளுக்கு மேல் காத்தனர், 31 பேருக்குக் காரணம் சாக்கு இன்மை” என்று எழுதும் மனுவுக்கும் வேற்றுமை உண்டு. முன்னது முறையீடு, பின்னது சான்று.

ஓர் எச்சரிக்கையும் தேவை. எந்தப் புள்ளியைக் கொண்டு ஊழியரைத் தண்டிக்கிறோமோ, அந்தப் புள்ளி விரைவில் பொய்யாகும். காத்திருப்பை டோக்கன் நாளிலிருந்து எண்ணினால், டோக்கனே தாமதமாகக் கொடுக்கப்படும். தள்ளுபடியைக் குறைக்கச் சொன்னால், ஏட்டில் பதியாமல் வாய்ச்சொல்லால் திருப்பி அனுப்புவர். ஆகையால் நாளை எண்ணுவது நெல் களத்துக்கு வந்த அன்றிலிருந்து என்றும், வாய்ச்சொல் மறுப்பும் பதிவு பெற வேண்டும் என்றும் தீர்மானம் செய்தல் நலம். சாக்கு இல்லை, லாரி வரவில்லை, கிடங்கு நிறைந்தது, ஈரம் மிகுந்தது என்று காரணமும் எழுதப்பட வேண்டும். ஆளைத் தேடுவதற்கு முன் காரணத்தைத் தேடுவோம்.

அளவு இருசாராருக்கும் தெரியும்படி இருந்தால் பூசல் குறையும் என்பதற்குப் பால் வணிகம் சான்று. 1890இல் அமெரிக்காவில் பாப்காக் என்னும் அறிஞர் பாலின் கொழுப்பை அளக்க எளிய சோதனை ஒன்றைக் கண்டார்; அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. தண்ணீர் கலந்தவனுக்கும் கலவாதவனுக்கும் ஒரே விலை என்ற அநீதி அதனால் ஒழியத் தொடங்கியது. இன்று நம் ஊர்ப் பால் சங்கத்திலும் கொழுப்பின் அளவை அங்கத்தினர் சீட்டிலேயே காண்கிறார். பாலுக்கு இயன்றது நெல்லுக்கும் நூலுக்கும் இயலாததன்று.

அடுத்த பொதுக்குழுவுக்குச் செல்லும் அங்கத்தினர் ஒவ்வொருவரும், எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், எத்தனை நாள் காக்க வைத்தீர்கள் என்றும் கேட்க வேண்டுகிறோம். விடை கூற இயலாத சங்கம் வெட்க வேண்டுவதில்லை. அன்றே கணக்குத் தொடங்கினால் போதும். முதல் மாதப் புள்ளிகள் நல்லனவாக இரா. அவற்றையும் மறையாது பலகையில் எழுதும் சங்கமே அங்கத்தினரின் நம்பிக்கைக்கு உரியதாகும்.