முறைப்பெண்ணும் மெண்டலும்

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

குற்றாலத்தில் சாரல் ஓய்ந்து ஆவணி பிறந்துவிட்டால் வடகரையிலும் தென்காசியிலும் கல்யாணப் பேச்சு சூடு பிடித்துவிடும். பெண் பார்க்கப் புறப்படும் பெரியவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது உடன்பிறந்தவர் வீட்டைத்தான். அத்தை மகனுக்கு மாமன் மகள், அது உரிமை. அக்காள் மகளுக்குத் தாய்மாமன். அது அதைவிடப் பெரிய உரிமை. தெரிந்த இடம், சொத்து வெளியே போகாது, பெண்ணைக் கண் கலங்காமல் வைத்துக்கொள்வார்கள் என்று காரணங்கள் வரிசையாக வரும். அவற்றில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் ஒருவருக்கு மட்டும் இடம் கிடையாது. இனிப் பிறக்கப்போகும் குழந்தைதான் அவர். அந்தக் குழந்தையின் சார்பில் பேச, உயிரியல் படிக்கும் நமக்குக் கடமை உண்டு என்பது என் கருத்து.

இது எங்கோ ஒன்றிரண்டு வீடுகளில் நடப்பதன்று. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் இரத்த உறவிலேயே மணந்தவர்கள். இந்தியா முழுவதற்கும் அந்த எண் 11 மட்டுமே. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தாய்மாமன் - மருமகள் உறவையும், அண்ணன் தங்கை பிள்ளைகளின் உறவையும் விலக்கப்பட்ட உறவுகளாகத்தான் வைத்திருக்கிறது. ஆனால் வழக்கம் அனுமதித்தால் தடையில்லை என்று வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. ஆகவே முடிவு நம் கையில்தான் இருக்கிறது.

நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் 46 குரோமோசோம்கள், 23 இணைகளாக உள்ளன என்று முதலாண்டிலேயே படித்துவிடுகிறோம். ஒவ்வொரு இணையிலும் ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஆகவே பெரும்பாலான ஜீன்கள் நம்மிடம் இரண்டிரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒரு பிரதி பழுதானாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒடுங்கு பண்பு மறைந்து கிடக்கும், ஆனால் அழிந்துபோகாது என்று பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் 1865இல் விளக்கினார். அதை மனித நோயில் கண்டவர் இங்கிலாந்து மருத்துவர் ஆர்ச்சிபால்டு காரட். சிறுநீர் கறுத்துப்போகும் அல்கேப்டோனூரியா என்னும் அரிய குறைபாடு, ஒன்றுவிட்ட உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளிடம் அதிகமாகத் தோன்றுவதை 1902இல் அவர் எடுத்துக் காட்டினார்.

உறவில் ஏன் அதிகமாகத் தோன்ற வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாத்தாவிடம் பழுதான ஜீன் ஒன்று மறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய பிள்ளைக்கு வர வாய்ப்பு இரண்டில் ஒன்று. பேரப்பிள்ளைக்கு வர நான்கில் ஒன்று. மகன் வயிற்றுப் பேத்தியும் மகள் வயிற்றுப் பேரனும் மணந்தால், இருவரிடமும் அது இருக்க 16இல் ஒரு வாய்ப்பு. இருவரிடமும் இருந்தால் பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாக வந்து சேர நான்கில் ஒரு வாய்ப்பு. ஆக மொத்தம் 64இல் ஒன்று. தாய்மாமன் அக்காள் மகளை மணந்தாலோ அது 32இல் ஒன்றாகிவிடும். அதே பேரன், நூறு பேரில் ஒருவரிடம் மட்டுமே அந்த ஜீன் இருக்கும் வேறொரு கூட்டத்தில் பெண் எடுத்தால் 1,600இல் ஒன்றுதான். தாத்தா ஒருவரே, ஜீன் ஒன்றே. மருமகள் எங்கிருந்து வருகிறாள் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுகிறது.

இது தாளில் போடும் கணக்கு மட்டுமன்று. நம் உட்செவியின் உயிரணுக்களுக்கிடையே உப்பு அயனிகள் போய்வர நுண்ணிய வாயில்கள் உண்டு. அவற்றைக் கட்டும் புரதங்களில் ஒன்று கனெக்சின் 26. அதற்குரிய ஜீனின் இரண்டு பிரதிகளும் பழுதானால் குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேளாது என்பது 1997இல் தெரியவந்தது. பெற்றோர் இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும், பிள்ளைக்குக் கேட்காது. ஊர் இதற்குச் சாபம் என்றும், மருமகளின் ராசி என்றும் பெயர் சூட்டும். ஆனால் பழுதுப் பிரதிகளில் ஒன்று தந்தையிடமிருந்தும் வந்ததன்றோ? அப்படியிருக்கத் தாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அறிவீனம் மட்டுமன்று, அநீதியும் ஆகும்.

"நம் பாட்டனும் முப்பாட்டனும் இப்படித்தான் கட்டினார்கள், நாமெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறோம்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உறவில் மணந்த எல்லோருக்கும் குறையுள்ள பிள்ளை பிறப்பதில்லை. பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகளே பிறக்கின்றன. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரில் பிறந்த பல்லாயிரம் குழந்தைகளைக் கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், பிறவிக் குறைபாடு நூற்றுக்கு மூன்றிலிருந்து ஆறாக உயர்ந்ததையே கண்டார்கள். மீதி 94 குழந்தைகளுக்குக் குறையில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி. எஸ். எஸ். ராவும் எஸ். ஜி. இன்பராஜும் தமிழ்நாட்டில் நடத்தி 1977இல் வெளியிட்ட ஆய்வில், கருவுறுதலிலும் கருச்சிதைவிலும் உறவு மணத்தால் பெரிய வேறுபாடு தென்படவில்லை. நெடுங்காலமாக உறவுக்குள்ளேயே மணந்து வந்ததால் கொடிய ஜீன்கள் பல களையப்பட்டிருக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இந்த விளக்கத்தை நம் வயல்களைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். அனுமன் நதி பாயும் வடகரை வயல்களில் விளையும் நெல், தன் பூவின் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர். ஆயிரமாயிரம் தலைமுறைகளாக அப்படியே வந்ததில் சோனிகள் உதிர்ந்துபோயின, எஞ்சியது தாக்குப்பிடிக்கிறது. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் விளையும் மக்காச்சோளம் அப்படியன்று. அது அயல் மகரந்தத்தை ஏற்றுப் பழகியது. அதைத் தன்னோடு தானே சேரும்படி செய்தால் தலைமுறைக்குத் தலைமுறை மெலிகிறது என்றும், மெலிந்த இரு வழிகளைக் கலந்தால் மீண்டும் செழிக்கிறது என்றும் அமெரிக்கர் ஜார்ஜ் ஷல் 1908இல் காட்டினார். நெல்லைப் போல நாமும் களையெடுத்து முடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். வயலில் உதிர்ந்தது சோனிப் பயிர். வீட்டில் உதிர்ந்தது யார்? தொட்டிலிலேயே கண் மூடிய குழந்தைகள் அல்லவா? நம் பாட்டிமார் பத்துப் பெற்று ஆறை வளர்த்த காலத்தில் அந்த நான்குக்கும் யார் காரணம் கேட்டார்கள்? இன்று ஒன்றோ இரண்டோ பெறுகிற நாம் அந்த விலையைக் கொடுக்கச் சம்மதிப்போமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நாங்கள் சொந்தத்தில் கட்டவில்லை, சாதிக்குள்தான் கட்டினோம்" என்று நிம்மதி கொள்வோரும் உண்டு. ஹைதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ரீச்சும் சக ஆய்வாளர்களோடு 2017இல் வெளியிட்ட ஆய்வு இவர்களுக்கானது. தெற்காசியாவின் 263 மக்கட் பிரிவுகளைப் பார்த்ததில் 81 பிரிவினர் மிகச் சில முன்னோர்களின் வழிவந்தவர்கள் என்று தெரிந்தது; பரம்பரை நோய்களுக்குப் பெயர்போன ஃபின்லாந்து மக்களைக் காட்டிலும் இவர்களிடம் அந்த நெருக்கம் மிகுதி. அதாவது, பத்திரிகையில் சொந்தம் என்று போடாவிட்டாலும் இரத்தத்தில் சொந்தம் இருக்கிறது. சாதிக்கு வேலி கட்டிய நம் முன்னோர், மறைந்திருந்த பழுதுகளையும் சேர்த்தே வேலிக்குள் அடைத்துவிட்டார்கள். சாதி மறுப்புத் திருமணத்தைச் சமூக நீதிக்காக ஆதரிப்பவர்கள் உண்டு. குழந்தையின் நலத்துக்காகவும் ஆதரிக்கலாம் என்கிறது உயிரியல்.

அப்படியானால் உறவில் மணந்தவர்களைக் குறை சொல்வதா? கூடவே கூடாது. அவர்கள் நம் அப்பா அம்மா. நம் அக்காள் மச்சான். சட்டம் போட்டுத் தடுப்பதும் வீட்டுக்குள் பகையைத்தான் வளர்க்கும். என் யோசனை எளியது. தாய்மாமன் - அக்காள் மகள் மணத்தை அறவே கைவிடுவோம். அத்தை மகன், மாமன் மகள் என்றால், குடும்பத்தில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தை உண்டா, காது கேளாதவர், அறிவு வளர்ச்சி குன்றியவர் உண்டா என்று ஜாதகம் பார்க்கும் முன்பே விசாரிப்போம். உண்டென்றால் மருத்துவரிடம் மரபியல் ஆலோசனை கேட்போம். ஏற்கெனவே மணந்தவர்கள், குழந்தை பிறந்த உடனேயே காது கேட்கிறதா என்று பரிசோதித்துவிட்டால், பேச்சு வரும் வயதுக்குள் சிகிச்சை பெற்றுவிடலாம்.

பத்துப் பொருத்தம் பார்க்கத் தெரிந்த சமூகம் பதினோராவதாக இதையும் பார்க்கட்டும். அதை வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். தேர்வுத் தாளில் மெண்டலின் விகிதத்தை எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு, கல்யாணப் பேச்சு நடக்கும் திண்ணையில் வாய்மூடி நிற்போமானால், நாம் படித்த படிப்பால் யாருக்கு என்ன பயன்?