கதை கேளாத செவியில் எழுத்து ஏறுமா?

மூன்று வயது மழலையின் பிஞ்சு விரல்களில் பென்சிலைத் திணித்து, பக்கம் பக்கமாக எழுத வைப்பதே கல்வி என்று கோவில்பட்டிச் சீமையிலும் பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கையை நாம் மறுக்கிறோம். கதையும் பாட்டும் ஓவியமும் நடிப்பும் ஆண்டு விழாவுக்குரிய அலங்காரங்கள் அல்ல. அவை எழுத்தறிவின் வாயிற்படிகள்.

இதை எடுத்துரைக்கக் கரிசல் மண்ணுக்குத் தனி உரிமை உண்டு. கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் ஒரே சிற்றூர் கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் தமிழுக்கு ஈந்தது. இருவரின் படைப்புகளும் சாகித்திய அகாதெமி விருது பெற்றன. பள்ளிப் படிப்பை முடிக்காத கி.ரா., நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார்; 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதி கண்டார்; பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பொறுப்பும் வகித்தார். செவிவழிச் செல்வம் ஒரு மனிதரை எவ்வளவு உயர்த்தும் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டுமோ?

நம் திருச்சபை வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் இறைப்பணி ஆற்றிய வீரமாமுனிவர், எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வேறுபடுத்தி எழுத்தைச் சீர்செய்தார். அவரே, தமிழ் கற்போர் பயில்வதற்குப் பரமார்த்த குருவின் கதையையும் ஆக்கித் தந்தார். வளர்ந்த அறிஞர்கள் மொழி பயிலவே கதை வேண்டியிருந்ததெனில், மழலைக்கு அது வேண்டாமோ?

“கதை கேட்டால் சோறு கிடைக்குமா?” என்று தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் தாய் வினவக்கூடும். தீக்குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறுவர்களை அனுப்பிய காலத்தின் வடு இப்பகுதியில் இன்னும் ஆறவில்லை. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும், சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளின் சிறார்களை முன்னிட்டு 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அக்கொடுமைக்கு எதிராக எழுந்தவையே. தன் பிள்ளை அந்நிலைக்குத் திரும்பலாகாது என்னும் அத்தாயின் தவிப்பை நாம் மதிக்கிறோம். அத்தவிப்பைக் காசாக்கி, பொருள் விளங்காத எழுத்துகளை மனனம் செய்விக்கும் மழலையர் பள்ளிகளையே கண்டிக்கிறோம்.

பாட்டு மட்டுமே படிப்பாகிவிடும் என்று நாம் கூறவில்லை. தமிழின் 247 எழுத்துகளையும் முறையாகக் கற்பித்தே ஆகவேண்டும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஆசிரியை கதை சொல்லட்டும்; குழந்தை அதை நடித்துப் பார்க்கட்டும்; பின் சுண்ணக்கட்டியால் தரையில் வரையட்டும். “ஆடு ஓடிப்போச்சு” என்று தன் படத்தைக் காட்டிக் குழந்தை சொல்லும்போது, அச்சொற்களையே ஆசிரியை படத்தின் கீழ் எழுதட்டும். தன் வாய்ச்சொல் எழுத்தாவதைக் கண்ட குழந்தை, அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். ‘ஆ’ என்னும் எழுத்து அங்கே உயிர் பெறுகிறது. நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னரும், குழந்தைகளின் உள்ளத்திலிருந்து எழுந்த சொற்களைக் கொண்டே வாசிப்பைத் தொடங்கினார். அவ்வனுபவத்தை 1963-இல் நூலாகவும் வெளியிட்டார்.

“ஓடிப்போச்சு” என்ற மழலையை “ஓடிவிட்டது என்று சொல்” என அதட்டுவோர், அதன் தாயின் மொழியையே இழிவுபடுத்துகின்றனர். ஏட்டு வழக்கு பிறகு வரட்டும். முதலில் குழந்தை அச்சமின்றி வாய் திறக்கட்டும்.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கதைக்கும் பாடலுக்கும் இடமளித்தது. கட்டணம் பெறும் பள்ளிகள் அதனினும் பின்தங்கி நிற்பது முறையா?

உவமைகளால் மக்களுக்குப் போதித்த ஆண்டவரைப் பின்பற்றும் நாம், நம் பிள்ளைகளுக்குக் கதையை மறுக்கலாகாது. பெற்றோரே, பள்ளியில் சேர்க்கும்போது, “எத்தனை நோட்டு?” என்று கேட்பதை விடுத்து, “நாளும் என்ன கதை சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். பங்குகள்தோறும் வாரத்தில் ஒரு மாலை, கதை தெரிந்த பாட்டிமாரை அழைத்துச் சிறுவர் நடுவே அமர்த்துவோம். அதற்கு ஒரு பாயும் சில வண்ணச் சுண்ணக்கட்டிகளும் போதும். முன்வருவோமா?