சர்க்கார் திறந்தது மதுக்கடை! நாம் திறப்போம் பட்டறை!

கொடுமுடி ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சியில் ஒரு மனிதர் தினசரி வந்து உட்காருவார். ரயில் ஏறுவதற்கு அல்ல. உட்கார வேறு இடம் இல்லை, அதனால் வந்தார். ஒரு பஞ்சாலையில் இருபத்தேழு வருஷம் ஃபிட்டராக உழைத்தவர். சப்தத்தைக் காதால் கேட்டே எந்த ஸ்பிண்டில் கெட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

ஆலையை மூடினார்கள். வேலை போயிற்று, சம்பளம் போயிற்று. அதோடு நின்றதா? கையில் பிடித்த ஸ்பானர் போயிற்று. ஷிப்டு முடிந்து பேசிக்கொண்டே கூட வரும் நாலு பேர் போனார்கள். "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிடும் குரலும் போயிற்று.

அந்தப் பெஞ்சியைத் தாண்டி எத்தனையோ நாள் நான் போயிருக்கிறேன். நோட்டீஸ் கொடுத்தேன், வாங்கிப் படித்தார். "உக்காருங்க தோழர்" என்றார். "கூட்டம் இருக்குதுங்கண்ணா" என்று சொல்லி நடந்தேன். ஒரு நாள் பெஞ்சி காலியாக இருந்தது. தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மாலை போடப் போனேன். மாலை போட நேரம் இருந்தது. பக்கத்தில் உட்கார நேரம் இருக்கவில்லை! இந்தக் குற்றத்தை என்மீது சுமந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

யார் பொறுப்பு?

இது ஒருவர் கதை அல்ல. 2021-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,64,033 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே கணக்குச் சொல்கிறது. அவர்களில் 1,18,979 பேர் ஆண்கள். தினக்கூலிகள் மட்டும் 42,004 பேர். நாலில் ஒருவருக்கும் மேல்!

"மனோதிடம் இல்லாதவர்கள்" என்கிறார்கள் கனவான்கள். இருபத்தேழு வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்று ராத்திரி ஷிப்டு பார்த்தவனுக்கா மனோதிடம் இல்லை? "குடித்துக் கெட்டான்" என்கிறார்கள் வேறு சிலர். கடையைத் திறந்து வைத்தது யார்? 1983-ல் மொத்த வியாபாரத்துக்கென்று ஏற்படுத்திய டாஸ்மாக், 2003-ல் சில்லறை வியாபாரத்தையும் சர்க்கார் கைக்குக் கொண்டுவந்தது. 2023-24-ல் மது மூலம் கஜானாவுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய்! வேலையற்றவன் போய் உட்காரச் சர்க்கார் ஏற்பாடு செய்த ஒரே இடம் அதுதான். அங்கே உட்கார்ந்தவனைப் பார்த்து, "ஏன் அங்கே போனாய்?" என்று உபதேசம் வேறு!

1932-ல் பைகாரா மின்சாரம் வந்தது. கோயம்புத்தூரைச் சுற்றி ஆலைகள் முளைத்தன. தோட்டத்து ஆள் மண்வெட்டியை வைத்துவிட்டு மெஷினைப் பிடித்தான். மூன்று தலைமுறை அவன் உழைப்பில் ஆலைகள் பெருத்தன. பிறகு? 2020 மார்ச்சில் ஊரடங்கைச் சொல்லித் தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகளை நிறுத்தினார்கள். வேலை கேட்டும் கூலி கேட்டும் தொழிலாளர்கள் வருஷக்கணக்கில் வீதியில் நிற்க நேர்ந்தது. நம் பக்கத்தில் மஞ்சள் தோண்டுகிற, கரும்பு வெட்டுகிற விவசாயத் தொழிலாளிக்கோ சில மாதம் வேலை. மிச்ச மாதம் வாய்க்கால் பாலத்துத் திண்டு!

கொட்டகை கற்றுத் தரும் பாடம்

ஆஸ்திரேலியாவில் 1993-ல் கூல்வா என்ற சிற்றூரிலும், 1998-ல் டொங்காலா என்ற ஊரிலும் ஒரு காரியம் செய்தார்கள். வேலை ஓய்ந்த ஆண்களுக்கு ஒரு பொதுப் பட்டறை போட்டார்கள். ரம்பம், இழைப்புளி, வைஸ், டிரில்லிங் மெஷின். உடைந்த நாற்காலியைக் கொண்டு வா, நாலு பேர் சேர்ந்து சரி செய்வோம் என்றார்கள். இன்று அந்நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இப்படிப்பட்ட கொட்டகைகள் இருக்கின்றன. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் பரவிவிட்டது.

இதில் அடங்கிய சூட்சுமம் என்ன? எதிரே உட்கார வைத்து "உன் மனசில் என்ன?" என்று கேட்டால் ஆண்பிள்ளை வாய் திறக்க மாட்டான். தோளோடு தோள் நின்று ஒரு நட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, தலை நிமிராமலே, "தூக்கம் வர மாட்டேங்குதுங்க" என்பான். அந்த ஒரு வார்த்தை வெளியே வந்துவிட்டால் பாதி ஆபத்து தாண்டிற்று.

தோழர்கள் சிலர் கேட்பார்கள்: "வர்க்கப் போராட்டம் நடத்த வேண்டியவர்கள் கொட்டகை போட்டு மரம் இழைப்பதா? இது சீர்திருத்தவாதம் அல்லவா?"

தோழர்களே, நம் சங்கங்கள் எங்கே பிறந்தன? ஆலை வாசல் டீக்கடையில், படிப்பகத்தில், இரவுப் பள்ளியில். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்த இடத்தில்தான் பிறந்தன. ஆலையை மூடியபோது வாசலும் மூடிவிட்டது. வாசல் இல்லாத தொழிலாளியை எந்த வாசலில் நின்று அழைப்போம்? தனியாக உட்கார்ந்திருப்பவன் போராட மாட்டான், உள்ளுக்குள்ளே செத்துக்கொண்டிருப்பான்.

இன்னொரு எச்சரிக்கை நியாயமானது. "ஜனங்களே பார்த்துக்கொள்கிறார்கள்" என்று சர்க்கார் கையைக் கழுவிவிடும். ஆகவே பட்டறையோடு சேர்த்தே கோரிக்கையும் வைப்போம். அங்கே வருகிறவர்களில் பலருக்கு ஓய்வூதியம் உண்டு. இங்கே பி.எஃப். ஓய்வூதியத்துக்குக் குறைந்தபட்சம் என்று 2014-ல் நிர்ணயித்தது மாதம் 1,000 ரூபாய்! அந்தப் பணத்தில் பொழுதுபோக்க முடியாது. நம் பட்டறை கொஞ்சம் கூலியும் தர வேண்டும். மோட்டார் ரிப்பேர், கிரைண்டர் ரிப்பேர், மருந்தடிக்கும் ஸ்பிரேயர் ரிப்பேர். வரும் காசு வேலை செய்தவர்களுக்கே பங்கு.

"ஆண்களுக்கு மட்டும்தான் துன்பமா?" என்று சகோதரிகள் கேட்பது சரியான கேள்வி. வேலை இழந்தவனின் கோபம் முதலில் அடுப்படியில்தான் இறங்குகிறது. அவன் போன பிறகு கடனும் அவள் தலையில்தான். பட்டறையில் வாயைத் திறக்கப் பழகினவன் வீட்டில் கையை ஓங்கக் கூடாது. ஓங்கினால் அங்கேயே பத்துப் பேர் முன்னால் பதில் சொல்ல வேண்டும்.

ஒரே பானை, ஒரே டம்ளர்

கொங்கு நாட்டில் பொது இடம் என்று பேசுகிறவன் சாதியைப் பற்றிப் பேசாவிட்டால் அவன் பேச்சு பொய். இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகளைப் பார்த்த பூமி இது. அருந்ததியர் வளவிலிருந்து வருகிற தோழர் வாசற்படியில் நிற்பதும், மற்றவர் உள்ளே லேத்து ஓட்டுவதும் என்றால் அந்தப் பட்டறை வேண்டவே வேண்டாம்! நன்றாக வேலை தெரிந்தவர் வாத்தியார். அவர் எந்த வளவானாலும் சரி.

நாம் செய்ய வேண்டியது இதுதான்:

1. பத்துப் பேர் போதும். ஞாயிறு காலையில் ஒரு காலிக் கொட்டகையில் கூடுவோம். ஆளுக்கு ஒரு கருவி கொண்டுவருவோம்.

2. குடித்து வருகிறவர் மெஷினைத் தொடக் கூடாது. ஆனால் விரட்டவும் கூடாது. டீ கொடுத்து உட்கார வைப்போம்.

3. இரண்டு வாரம் வராதவர் வீட்டுக்கு இரண்டு பேர் போவோம். நோட்டீஸ் கொடுக்க அல்ல, உட்கார.

4. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பட்டறைப் பெட்டியில் பூட்டி வைப்போம். காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் சென்னை ஸ்நேகா அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் இந்தப் பொதுப் பூட்டுப்பெட்டி ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள், விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள்.

5. சுவரில் பெரிதாக எழுதுவோம்: 14416. ராத்திரி பகல் எந்நேரமும் மனக்கஷ்டத்தைச் சொல்லப் பணம் இல்லாமல் கூப்பிடக்கூடிய சர்க்கார் டெலிபோன்.

6. பேரூராட்சியிடம் கட்டடமும் மின்சாரமும், அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரும் கேட்போம். கொடுக்காவிட்டால் வாசலில் உட்காருவோம். சேர்ந்து உட்காரத்தான் பழகியிருப்போமே!

ஆலை முதலாளி நம்மைக் கை என்று மட்டும் கணக்கு வைத்தான். கை தேவைப்படாதபோது மனிதனையே தூக்கி எறிந்தான். அந்தக் கைக்கு வேலையும், அந்த மனிதனுக்குப் பக்கத்தில் ஒரு தோளும் கொடுப்பது நம் கடமை.

ஸ்டேஷன் பெஞ்சியில் இன்று வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். நேற்றுப் பார்த்தேன். இந்தத் தடவை நான் நடக்கவில்லை, உட்கார்ந்தேன். வருகிற ஞாயிறு அவர் தன் ஸ்பானரோடு வருகிறார். நீங்களும் வாருங்கள், தோழர்களே!