பொய் இல்லை... ஆனா 'ஹம்பக்'!



எங்க தாத்தா ரிட்டயர்டு தலைமையாசிரியர். பேப்பர்ல அரசியல்வாதிகள் பேச்சைப் படிச்சுட்டு, கண்ணாடியைக் கழட்டி வெச்சு ஒரே வார்த்தைதான் சொல்வார்: "சுத்த ஹம்பக்!"

ஹம்பக்னா பொய்னுதான் ரொம்ப நாளா நினைச்சிருந்தேன். அது முழுசா சரியில்லைங்க.

1750-களில் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்த வார்த்தை இது. ஏமாத்து வேலையும் ஹம்பக், ஏமாத்துற ஆளும் ஹம்பக், வெத்துப் பேச்சும் ஹம்பக். பிரிட்டனில் கோடு போட்ட பெப்பர்மின்ட் மிட்டாய்க்குக்கூட அதே பேர்தான்!

டிக்கன்ஸ் 1843-ல் எழுதிய 'கிறிஸ்துமஸ் கரோல்' கதையில், கஞ்சன் ஸ்க்ரூஜ் கிறிஸ்துமஸையே ஹம்பக் என்பான். ஊரே காட்டுற சந்தோஷம் வெறும் வேஷம்னு அர்த்தம். 1900-ல் வந்த 'ஓஸ்' கதையில் மந்திரவாதி எல்லாருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிவிடுவார். ஊரே பச்சையாத் தெரியும். கடைசியில் மாட்டிக்கிட்டு, தான் ஒரு ஹம்பக்னு ஒத்துக்குவார்.

நிஜ உலகில் இதுக்குப் பேர் போனவர் அமெரிக்காவின் பி.டி.பார்னம். 1835-ல், அடிமையாக இருந்த, கண் தெரியாத ஜாய்ஸ் ஹெத் என்ற மூதாட்டியை 161 வயசு, ஜார்ஜ் வாஷிங்டனை வளர்த்த தாதின்னு சொல்லி காசுக்குக் காட்டினார். அடுத்த வருஷம் அவர் இறந்தபோது, பிரேதப் பரிசோதனைக்கும் டிக்கெட் போட்டார். வயசு 80-க்கு மேல இருக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இதே பார்னம், 'ஹம்பக் மோசடி இல்லை, கூட்டத்தை இழுக்கிற விளம்பரம்தான்'னு புத்தகமே எழுதினார். அப்புறம் கனெக்டிகட் சட்டமன்ற உறுப்பினர், 1875-ல் பிரிட்ஜ்போர்ட் மேயர். அரசியலுக்கும் ஹம்பக்குக்கும் தொடர்பு புதுசு இல்லை!

மேக்ஸ் பிளாக் என்ற தத்துவப் பேராசிரியர் இந்த வார்த்தையை ஆராய்ந்து சொன்னதுதான் என்னைச் சுட்டது. பொய் வரைக்கும் போகாமல், அதுக்கு ஒரு படி முன்னாடியே நின்று ஏமாற்றுவதுதான் ஹம்பக் என்றார் அவர்.

ஏன் சுட்டதுன்னா, நானே அதைச் செஞ்சிருக்கேன்.

போன மழைக்காலத்துல, எங்க ஏரியா ரோட்டுல முழங்கால் தண்ணி நிக்கிற போட்டோ போட்டேன். நிஜ போட்டோ, நிஜ ரோடு. "இதுதான் நம்ம ஊர் நிலைமை"ன்னு மட்டும் எழுதினேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனா அது ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்தது. அதுல தெரியுற பஸ் ஸ்டாப்பை இடிச்சே ஒரு வருஷமாச்சுன்னு ஒருத்தர் கமென்ட்ல போட்டுட்டார். டெலிட் பண்ணினேன்.

மூணு வாரம் கழிச்சு அதே ரோட்டுல நிஜமாவே தண்ணி நின்னுது. புதுசா எடுத்துப் போட்டேன். முதல் கமென்ட் என்ன தெரியுமா? "இது எந்த வருஷத்து போட்டோ தம்பி?"

அந்தத் தெரு மக்களோட உண்மையான கஷ்டத்தை யாரும் நம்பாம போனதுக்கு நான்தான் காரணம்.

"அவங்க செய்யலையா? நாம மட்டும் ஏன்?"னு கேப்பீங்க. அவங்க செய்யறாங்கதான். ஆனா நம்ம கையில இருக்கிறதே மக்கள் நம்பிக்கை ஒண்ணுதான். அதையும் ஒரு வைரல் போஸ்ட்டுக்காக செலவழிச்சுட்டா, நிஜமான பிரச்சனை வரும்போது நம்மகிட்ட என்ன மிஞ்சும்?

அதனால ஷேர் பட்டனைத் தொடறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க:

👉 எப்போ எடுத்தது?
👉 எங்கே எடுத்தது?
👉 வெட்டின பகுதியில என்ன இருந்தது?

மூணுக்கும் பதிலைப் போஸ்ட்லயே எழுத முடிஞ்சா, தைரியமாப் போடுங்க. முடியலைன்னா விட்டுடுங்க.

நம்ம பக்கத்தைப் பார்த்து எந்தத் தாத்தாவும் கண்ணாடியைக் கழட்டக் கூடாது!

#பகிரும்முன்_யோசி