கோட்டைப் பார்த்து மருந்து அடிக்கலாமா?

கேள்வி: தக்காளி, பாகல் இலைகளில் கோலம் போட்டதுபோல் வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. மூன்று முறை மருந்து அடித்தும் குறையவில்லை. பக்கத்து முந்திரித் தோப்பிலும் துளிர் வெளுக்கிறது. அங்கிருந்துதான் பரவுகிறதா?
– வாசகர், ஆண்டிமடம்.

பதில்: முந்திரியின் மேல் பழி போட வேண்டாம். முந்திரித் துளிரை வெளுக்கச் செய்வது ஒரு சிறிய அந்துப்பூச்சியின் புழு. அது தக்காளிக்கு வராது. நிலக்கடலையின் சுருள்பூச்சியும் அந்துப்பூச்சி வகைதான். தக்காளி, பாகலில் கோடு போடுவது ஓர் ஈயின் புழு. கறுப்பும் மஞ்சளுமாக, 2 மி.மீ. அளவே இருக்கும் இந்த ஈ அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. இந்தியாவில் 1990-களின் தொடக்கத்தில்தான் கண்டறியப்பட்டது.

ஆமணக்கு இதற்கு மிகவும் பிடித்த செடி. கடலை வரப்பில் புரோடீனியா புழுவுக்காக நட்ட ஆமணக்கு, கடலை பிடுங்கிய பிறகும் நின்றால், அடுத்து நடும் தக்காளிக்கு ஈ அங்கிருந்தே வரும். முதலில் வரப்பைப் பாருங்கள். அவரை, தட்டைப்பயறு, பருத்தி, செண்டுமல்லியிலும் இது பெருகும்.

ஈ இலைக்குள் முட்டை வைக்கிறது. புழு இலையின் இரு தோலுக்கும் நடுவே பச்சையத்தைத் தின்றுகொண்டே போகும். ஒரு வாரத்துக்குள் வெளியே வந்து, பெரும்பாலும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். இலைமேல் படும் மருந்து உள்ளிருக்கும் புழுவை எளிதில் எட்டாது. ஆனால் அந்தப் புழுவைத் தேடி அழிக்கும் குட்டிக் குளவிகளைக் கொன்றுவிடும். மூன்று முறை அடித்தும் குறையாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று: புழு செத்தாலும் கோடு மறையாது. இலையை வெயிலுக்கு நேரே பிடித்து, கோட்டின் அகன்ற முனையைப் பாருங்கள். மஞ்சள் புழு இருந்தால் மட்டுமே கவலை. முனை காலியாகவோ, புழு பழுப்பாகக் காய்ந்தோ இருந்தால் அந்த இலைக்கு மருந்துச் செலவு வீண். காய்க்கும் செடியின் அடி இலைகளில் நாலு கோடு தெரிவதால் மகசூல் குறையாது. நாற்றிலும் இளஞ்செடியிலும்தான் கவனம் தேவை.

புழு உள்ள இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள். வரப்பில் போட்டால் அங்கேயே ஈயாகும். 10 லிட்டர் தெளிப்பானுக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டுங்கள். கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். மஞ்சள் ஒட்டும் அட்டை ஏக்கருக்கு ஐந்து போதும். அதற்குப் பிறகும் புதுத் துளிரில் கோடு ஏறினால், இலையோடு சோழமாதேவி வேளாண் அறிவியல் மையத்துக்குப் போய்க் காட்டுங்கள்.