டயரை முடிவு செய்யுங்கள்... அப்புறம்தான் ஃபிரேம்!

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்று ஒரு சிறிய ஊர். அங்கே 2006-ல் தொடங்கி, இப்போது 'அன்பவுண்ட் கிராவல்' என்ற பெயரில் நடக்கும் சைக்கிள் பந்தயம் ரொம்பப் பிரபலம். முக்கியப் பிரிவின் தூரம் சுமார் 320 கிலோமீட்டர். பெரும்பகுதி சரளைக்கல் பாதை. கூர்மையான சிக்கிமுக்கிக் கற்கள் டயரையே கிழித்துவிடும்!

இந்த மாதிரிப் பாதைகளில் ஓட்டுவதற்காகவே, உடம்புக்கு அளவெடுத்து ஃபிரேம் செய்துகொள்பவர்கள் உண்டு. சட்டைக்குக் கொடுப்பதுபோல கால் நீளம், கை நீளம் எல்லாம் கொடுக்க வேண்டும். ஆனால், அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது டயரின் அகலம்.

தார்ச்சாலைக்கு 28 மி.மீ. டயர் போதும். சரளைக்கு 40 முதல் 50 மி.மீ. வரை தேவைப்படும். சேறு அப்பினாலும் டயர் உரசாத அளவுக்கு ஃபிரேமில் இடைவெளி வேண்டும். சட்டை இறுக்கமாக இருந்தால் தையலைப் பிரித்துக்கொள்ளலாம். வெல்டிங் செய்த ஸ்டீல் குழாயை என்ன செய்வது?

முதுகுவலி, கழுத்துவலி இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஹேண்டில்பாரை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பது அதையும் பொறுத்தது.

வரைபடம் கைக்கு வந்ததும், அதிகபட்ச டயர் அகலம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்!